ஒஸ்டின் ஏ55 எஞ்சினுக்குள் வெவ்வேறு எஞ்சின்களின் பாகங்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

கேம்பிரிட்ஜ்_யாழ் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்திடம் உள்ள ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ் இரண்டாம் மார்க் காரின் எஞ்சினை மீளக் கட்டுவதற்காக முழுவதும் பிரித்து வைத்திருக்கிறேன். 1489 சி.சி. கொள்ளளவுள்ள, பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி வரிசை எஞ்சின் அது. புளொக்கில் பொருத்தப்பட்டுள்ள தகட்டின் எண்ணும் 15 என்றே தொடங்குகிறது. பிரிப்பதற்கு முன், எஞ்சின் சூடேறியதும் ஒயில் அழுத்தம் வெகுவாக இறங்கி, கீழிருந்து கனத்த தட்டும் ஓசை கேட்டது. மெதுவாக ஓடவிட்டால் கார் ஒருவித சீரற்ற தாளத்தில் குலுங்கியது. கிளட்ச் பகுதிக்குள்ளும் ஒயில் இறங்கிக்கொண்டிருந்தது.

பிரித்த பின்னர் கண்டவற்றை ஒழுங்காக எழுதுகிறேன். முதலாம் சிலிண்டரின் கொன்றொட்டில், அதாவது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடில், தண்டிலும் மூடியிலும் 3 என்ற எண் அடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதில் இரண்டிடத்திலும் 2 என்றே உள்ளது. மூன்றாவதில் தண்டில் 1 என்றும் மூடியில் 3 என்றும் இருக்கிறது. அந்த 3இன் எழுத்துரு மற்ற எண்களின் எழுத்துருவைப் போல இல்லை. நான்காவதில் எந்த எண்ணும் இல்லை, வார்ப்பின் விளிம்பும் மற்ற மூன்றைவிடச் சற்றுத் தடித்துத் தெரிகிறது. நான்கிலுமே கட்ஜன் பின்னை (பிஸ்டனையும் கொன்றொட்டையும் கோக்கும் ஊசியை) சிறிய முனையில் உள்ள போல்ட் இறுக்கிப் பிடிக்கும் அமைப்புத்தான் இருக்கிறது.

பிஸ்டன்களிலும் இதே நிலைதான். 1, 2 ஆகியவற்றின் தலை தட்டையானது, அவற்றில் 030 (மூல அளவைவிட 0.030 அங்குலம் பெரியது) என்ற முத்திரை உண்டு. 3, 4 ஆகியவற்றின் தலை நடுவில் குழிந்திருக்கிறது, அவற்றில் 0.75 என்று அடிக்கப்பட்டிருக்கிறது. கொன்றொட்டின் பெரிய முனையில் அமரும் பெயாரிங் ஷெல்களில் (அரைவட்டத் தகடுகளில்) மூன்றாம் சிலிண்டருக்குரியவை மட்டும் 030, மற்றவை 020; இங்கே அந்த எண் கிராங்க் எத்தனை ஆயிரத்திலொரு அங்குலம் குறையக் கடையப்பட்டதற்கு உரியது என்பதைக் குறிக்கும். நான்காவதன் கீழ்ப்பாதியில் மாத்திரம் 0.50 என்று காணப்படுகிறது. கிராங்க் ஷாஃப்டைப் புளொக்கில் தாங்கும் மெயின் பெயாரிங்குகளுள் நடுவில் உள்ளதன் மூடி மற்ற இரண்டு மூடிகளையும் விட வெளிர் நிறமாக இருக்கிறது, புளொக்குடன் சேரும் விளிம்பில் விரலால் தடவினால் ஒரு சிறு படி தட்டுப்படுகிறது.

எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குவது என்னால் இயலாத செலவு. இந்த வயதுடைய எஞ்சினுக்கு நான்கும் ஒரே குடும்பமான கொன்றொட்கள் கிடைப்பதும் எளிதன்று. எனவே இவற்றுள் எவை உண்மையிலேயே ஒன்றோடொன்று சேராதவை, எவை பார்வைக்கு மட்டும் வேறுபட்டுப் பயன்படக்கூடியவை என்பதை எப்படிப் பிரித்தறிவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடைச்சல்_பட்டறை எழுதியது:

நீங்கள் பிரிக்கும்போதே இவற்றையெல்லாம் குறித்து வைத்தது மிகவும் நல்லது, தம்பி. பலர் பாகங்களைக் கழுவி ஒரே பெட்டியில் போட்ட பிறகே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அந்த நிலையில் பாதி விடை ஏற்கெனவே கழுவப்பட்டுப் போயிருக்கும்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பாகம் இன்னொரு எஞ்சினிலிருந்து வந்திருப்பது ஒரு குறை அன்று. அளவு சரியாக இருந்தால் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் இரண்டு துண்டுகளாக இருந்தாலும் ஒன்றாகப் பூட்டித் துளையிடப்பட்ட பாகங்கள் உண்டு. கொன்றொட்டும் அதன் மூடியும், புளொக்கும் அதன் மெயின் மூடிகளும் அவ்வகையின. இவற்றுள் ஒரு துண்டு மாறினால் அந்தத் துளை வட்டமாக இருக்கும் என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருபவை மூன்றாம் கொன்றொட்டும் நடு மெயின் மூடியும் மட்டுமே. மற்றவை எல்லாம் அளந்து முடிவு செய்யக்கூடிய விடயங்கள்.

கொன்றொட்களை எடுத்துக்கொள்வோம். இந்த எஞ்சினில் மெயின் பெயாரிங்குகள் மூன்றுதான்: முன்னால் ஒன்று, இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே ஒன்று, பின்னால் ஒன்று. ஆகவே 1, 3 ஆகிய கிராங்க் பின்கள் (கிராங்கில் கொன்றொட்கள் பூட்டப்படும் இடங்கள்) ஒவ்வொன்றும் ஒரு மெயின் பெயாரிங்கை அடுத்துப் பின்னாலும், 2, 4 ஆகியவை ஒரு மெயின் பெயாரிங்கை அடுத்து முன்னாலும் அமைந்திருக்கின்றன. மெயின் பெயாரிங்குக்கு இடம் விடவேண்டியிருப்பதால் கொன்றொட்டின் பெரிய முனை சிலிண்டரின் நடுக்கோட்டிலிருந்து சிறிது விலகி நிற்கிறது. அந்த விலகல் 1க்கும் 3க்கும் ஒரு பக்கமாகவும், 2க்கும் 4க்கும் மறுபக்கமாகவும் இருக்கும். இதனால் 1உம் 3உம் ஒரே பாகம், 2உம் 4உம் ஒரே பாகம். உங்கள் முதலாம் சிலிண்டரில் 3 என்ற எண்ணுள்ள தண்டும் 3 என்ற எண்ணுள்ள மூடியும் சேர்ந்திருப்பதில் தவறேதும் இல்லை. யாரோ ஒருவர் அவற்றை இடம் மாற்றியிருக்கிறார், அவ்வளவே.

மூன்றாவதன் நிலை வேறு. 1 என்ற தண்டு அந்த இடத்தில் இருக்கலாம், ஆனால் அதனோடு 3 என்ற மூடி சேர்ந்திருக்கிறது. 3 என்ற மூடி ஒன்று ஏற்கெனவே முதலாம் சிலிண்டரில் தன் தண்டோடு இருக்கும்போது, இந்த இரண்டாவது 3 நிச்சயமாக வேறொரு எஞ்சினிலிருந்து வந்தது. எழுத்துருவின் வேறுபாடும் அதையே சொல்கிறது. ஆனாலும் எழுத்துருவை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஷெல்களை எடுத்துவிட்டு, சேரும் முகங்களைப் பழைய ஒயில் இல்லாமல் துடைத்து, மூடியைப் பூட்டி, கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரெஞ்சால் முறுக்கி, உள்விட்டத்தை மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். சேரும் கோட்டுக்கு நேராக ஓர் அளவு, அதற்குச் செங்குத்தாக ஓர் அளவு, இடையில் ஒன்று. இதே அளவுகளை இரண்டாம் கொன்றொட்டிலும் எடுங்கள். அது சோடி பிரியாத பாகமாகத் தெரிவதால் அதையே உங்கள் ஒப்பீட்டு அளவாகக் கொள்ளலாம். பி வரிசையின் இந்தக் கொன்றொட்கள் மேலே சிலிண்டர் வழியாக வெளியே எடுக்கப்படுவதற்காகச் சாய்வாகப் பிளக்கப்பட்டவை. மூடி மாறியிருந்தால் அந்தச் சாய்ந்த கோட்டின் இரு முனைகளிலும் உள்ளே ஒரு படி நகத்தில் தட்டுப்படும்.

நான்காவதைப் பொறுத்தவரை, எண் இல்லாதது பொருட்டன்று. விலகல் சரியான பக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி. அதை இரண்டாவதன் பக்கத்தில் ஒரே திசையில் படுக்கவைத்துப் பார்த்தாலே தெரியும். பிறகு கிராங்கில் பூட்டி, பிஸ்டன் சிலிண்டரின் நடுவே நிற்கும்போது சிறிய முனைக்கும் பிஸ்டனின் உட்புறத் தாங்கிகளுக்கும் இடையே இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே இடைவெளி உள்ளதா என்று கவனியுங்கள். பெரிய முனையின் பக்க இடைவெளி 0.008 முதல் 0.012 அங்குலம் வரை இருக்க வேண்டும். வார்ப்பின் விளிம்பு தடித்திருப்பது எடையைக் கூட்டும், எனவே அதை நிறுக்காமல் ஏற்காதீர்கள். முழு எடை மட்டும் போதாது. கொன்றொட் கிடைமட்டமாக இருக்கும்படி சிறிய முனையைத் தொங்கவிட்டுப் பெரிய முனையைத் தராசில் வைத்து ஒரு முறை, மாற்றி வைத்து இன்னொரு முறை என்று இரு முனைகளையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். மேலும் கீழும் ஓடுவது ஒரு முனை, சுழல்வது மற்ற முனை என்பதால் அவற்றின் விளைவுகளும் வேறு.

ஷெல்களின் எண்களைக் கண்டு இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒரு கிராங்க் பின் மட்டும் காயப்பட்டிருந்தால் அதை மட்டும் 0.030 வரை கடைந்து மற்றவற்றை 0.020இல் விட்டிருப்பார்கள், விரும்பத்தக்க வேலை இல்லை என்றாலும் தவறான வேலையும் இல்லை. புதிய நிலையில் கிராங்க் பின்னின் விட்டம் 1.8759 முதல் 1.8764 அங்குலம். 020 ஷெல்லுக்கு 1.8559 முதல் 1.8564 வரையும், 030 ஷெல்லுக்கு 1.8459 முதல் 1.8464 வரையும் இருக்க வேண்டும். நான்கு பின்களையும், ஒவ்வொன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து இங்கே எழுதுங்கள். 0.50 என்ற முத்திரை மில்லிமீற்றர் கணக்கு, 0.020 அங்குலம் என்பது 0.508 மி.மீ. ஆகையால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அற்பமானது. ஆனாலும் ஒரே பின்னில் மேலொரு தயாரிப்பும் கீழொரு தயாரிப்பும் இருப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் உலோகப் பூச்சும் ஷெல் இருக்கையில் அழுந்தும் அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

கோவை_அம்பாசிடர் எழுதியது:

மேலே கூறப்பட்டது முழுவதும் சரி. பிஸ்டன்களைப் பற்றி மட்டும் சிறிது விரிவாக எழுத விரும்புகிறேன். எங்கள் ஊரில் இந்த எஞ்சினை அம்பாசிடர் வழியாகவே அறிவோம். அந்தக் கார் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி உத்தரபாராவில் தயாரிக்கப்பட்டது. அதில் நெடுங்காலம் இருந்ததும் இதே 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின்தான். ஆகவே 0.75 என்று மில்லிமீட்டரில் முத்திரையிட்ட உங்கள் பிஸ்டன்கள் பிற்காலத்தில் வந்த மாற்றுப் பாகங்களாக இருக்கக்கூடும். 0.030 அங்குலம் என்பது 0.762 மி.மீ.; எனவே ஒரே அளவுக்குப் போரிங் செய்த சிலிண்டரில் 0.75 பிஸ்டனுக்கு இடைவெளி 0.012 மி.மீ., அதாவது ஏறத்தாழ 0.0005 அங்குலம் கூடுதலாக இருக்கும். அது மட்டும் என்றால் நான் பெரிதாக எண்ணமாட்டேன்.

உங்கள் எஞ்சினின் சீரற்ற தாளத்துக்குக் காரணம் பிஸ்டன் தலையின் வடிவத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. அழுத்த விகிதம் என்பது பிஸ்டன் மேலேறும்போது உள்ளிருக்கும் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது. இந்த எஞ்சின் 8.3க்கு 1 என்ற உயர் அழுத்த விகிதத்திலும், 7.2க்கு 1 என்ற தாழ் அழுத்த விகிதத்திலும் வெளிவந்தது. உயர் அழுத்தத்துக்குத் தட்டைத் தலை, தாழ் அழுத்தத்துக்குக் குழிந்த தலை. சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., ஓட்டம் 88.9 மி.மீ. என்பதால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 372 சி.சி. ஆகிறது. 8.3 விகிதத்தில் பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் இடம் 51 சி.சி.; 7.2 விகிதத்தில் அது 60 சி.சி. எனவே உங்கள் குழிவுகளின் கொள்ளளவு 9 சி.சி.க்கு அருகே இருந்தால் அவை தாழ் அழுத்தப் பிஸ்டன்களே. பிஸ்டனை மட்டமாக வைத்து, குழிவின் மேல் துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, ஊசிக்குழாயால் மெல்லிய எண்ணெயை நிரப்பினால் இந்த அளவு உடனே கிடைத்துவிடும்.

இனித் தாளத்தைப் பாருங்கள். இந்த எஞ்சினின் எரியும் வரிசை 1, 3, 4, 2. தட்டைத் தலைகள் 1இலும் 2இலும் இருக்கின்றன, குழிந்த தலைகள் 3இலும் 4இலும் இருக்கின்றன. ஆகவே வலுவான வெடிப்புகள் இரண்டு அடுத்தடுத்தும், வலுக்குறைந்தவை இரண்டு அடுத்தடுத்தும் வருகின்றன. மெதுவாக ஓடும்போது எஞ்சின் தன் தாங்கிகளின் மேல் ஒரு பக்கமாக ஊசலாடுவதற்கு இதுவே போதும். கார்ப்ரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் எத்தனை முறை சரிசெய்தாலும் அது போகாது.

இன்னும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பிஸ்டன்களின் தலை உயரம், அதாவது கட்ஜன் பின்னின் மையத்திலிருந்து தலையின் விளிம்பு வரையுள்ள தூரம், நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பின்னர் ஒவ்வொரு பிஸ்டனையும் மேல் எல்லைக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேற்பரப்பிலிருந்து அதன் விளிம்பு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை ஆழமானியால் குறியுங்கள். தலை உயரம் ஒன்றாக இருந்தும் ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் கீழே நின்றால், அந்தக் கனெக்டிங் ராட் நீளத்தில் மாறுபட்டது அல்லது வளைந்தது என்று பொருள். உங்கள் நான்காவது ராடின் நீளத்தை மையத்துக்கு மையம் அளப்பதைவிட இந்த முறையில் ஐயமின்றி அறியலாம்.

கடைக்காரர்கள் விட்டத்தையும் ஓட்டத்தையும் மட்டும் கேட்டுவிட்டுப் பிஸ்டனை எடுத்துக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். பி.எம்.சி.யின் 1489 சி.சி. டீசல் எஞ்சினுக்கும் விட்டம் 73.025, ஓட்டம் 88.9 தான், ஆனால் அதன் பிஸ்டன் எடையிலும் அமைப்பிலும் முற்றிலும் வேறு. அதுபோலவே 1622 சி.சி. எஞ்சினின் ஓட்டமும் 88.9 மி.மீ.யே, விட்டம் மட்டும் 76.2. எம்.ஜி.ஏ. காரின் 1622 எஞ்சினில் வந்த கட்ஜன் பின், உங்களுடையதைப் போல ராடில் இறுக்கப்படாமல் இரு முனைகளிலும் வளையக் கொக்கிகளுக்கிடையே தாராளமாகச் சுழலும் வகையைச் சேர்ந்தது. உங்கள் நான்கு ராடுகளிலும் இறுக்கும் போல்ட் இருப்பது நல்ல செய்தி, அந்த அளவில் அவை ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை.

வடக்கு_வாசகர் எழுதியது:

தொழில்நுட்ப விடயங்களில் மேலே எழுதியவர்களுக்கு மேலாக நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இந்த எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் ஒருவர் இந்தப் பாகக் கலப்பை முந்தைய மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1990இற்குப் பின் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டிருந்தது. பழைய ஒஸ்டின், மோரிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலில் கிளப்பப்பட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவானதால் உயர் அழுத்த எஞ்சின் அதில் இடிக்கத் தொடங்கும்; குழிந்த தலையுள்ள தாழ் அழுத்தப் பிஸ்டன் கிடைத்த இடத்தில் அதைப் போடுவது அன்றைக்கு அறிவார்ந்த தெரிவு. நான்கும் கிடைக்காதபோது இரண்டைப் போட்டிருப்பார்கள். ஒரு காரை ஓடவைக்க இன்னொரு காரைப் பிரிப்பதைத் தவிர வழியில்லாத காலம் அது.

அந்த எரிபொருளின் பின்விளைவுகளையும் நீங்கள் உங்கள் எஞ்சினில் தேட வேண்டும். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) உள்ள ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் பெயாரிங்குகளும் சிலிண்டரின் மேற்பகுதியும் வழக்கத்தைவிட விரைவாகத் தேயும். ஆகவே போரிங் அளவைச் சிலிண்டரின் நடுவில் மட்டும் எடுக்காமல், மேல் றிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேயும், அடியிலும், குறுக்கும் நெடுக்குமாக எடுத்துப் பாருங்கள். சிலிண்டர்களுள் ஏதேனும் ஒன்றுக்கு மட்டும் லைனர் (உள்ளே செருகும் உலோகக் குழல்) அடிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் மேல் விளிம்பில் தெரியும் மெல்லிய வளையக் கோட்டைக் கொண்டு கண்டுகொள்ளலாம்.

இன்று இலங்கையில் 92, 95 ஒக்டேன் பெற்றோல் கிடைக்கிறது. 8.3 விகிதத்துக்கு 92 தாராளமாகப் போதும். எனவே நான்கு தட்டைத் தலைப் பிஸ்டன்களைத் தேடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

கேம்பிரிட்ஜ்_யாழ் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி அளந்தவற்றை எழுதுகிறேன். இவை நம்பகமான அங்குல மைக்ரோமீற்றரால், பாகங்கள் குளிர்ந்திருந்தபோது எடுக்கப்பட்டவை.

கிராங்க் பின்கள்: முதலாவது 1.8558, இரண்டாவது 1.8462, மூன்றாவது 1.8460, நான்காவது 1.8557 அங்குலம். செங்குத்தான திசையில் அளந்தபோதும் வேறுபாடு 0.0002ஐத் தாண்டவில்லை. இரண்டாவதில் இருந்தவை 020 ஷெல்கள் என்பதை மீண்டும் உறுதிசெய்துகொண்டேன். அவற்றின் மேல் உலோகப் பூச்சு முழுவதும் போய்ச் செம்பு நிறம் வெளியே தெரிகிறது.

குழிந்த பிஸ்டன்களின் குழிவு இரண்டிலும் 9 சி.சி.க்குச் சற்றுக் குறைவு. தலை உயரம் நான்கிலும் ஒன்றே. மேல் எல்லையில் நான்கும் ஒரே ஆழத்தில் நிற்கின்றன. நான்காம் கொன்றொட்டின் விலகல் இரண்டாவதைப் போலவே உள்ளது, ஆனால் மொத்த எடை 18 கிராம் அதிகம். அதில் பெரும்பகுதி பெரிய முனையில் இருக்கிறது. மூன்றாம் கொன்றொட்டின் துளை, சேரும் கோட்டுக்கு நேரான திசையில் மற்றத் திசையைவிட 0.003 அங்குலம் வேறுபடுகிறது. சிலிண்டர்களில் லைனர் எதுவும் இல்லை; தேய்மானம் நான்கிலும் மேற்பகுதியில் தெளிவாகத் தெரிகிறது.

நடு மெயின் மூடியைப் பற்றி என்ன செய்வது என்பதே இப்போது எனக்கு எஞ்சியுள்ள ஐயம்.

கடைச்சல்_பட்டறை எழுதியது:

உங்கள் அளவுகள் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை தந்துவிட்டன. இரண்டாம் பின் 030 அளவுக்குக் கடையப்பட்டிருக்க, அதில் 020 ஷெல் இருந்திருக்கிறது. அதாவது இருக்க வேண்டிய இடைவெளிக்கு மேல் இன்னும் 0.010 அங்குலம். சூடேறியதும் ஒயில் அழுத்தம் இறங்கியதற்கும் கீழிருந்து வந்த கனத்த ஓசைக்கும் இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கிராங்க் கடையப்பட்டபோது இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே 030க்குப் போயிருக்க வேண்டும். பொருத்தியவரிடம் ஒரு சோடி 030 ஷெல்தான் இருந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

தீர்வும் எளிது. 2, 3 ஆகிய பின்கள் 030 எல்லைக்குள் வட்டமாகவே இருப்பதால் அவற்றுக்கு மெருகூட்டினால் போதும். 1, 4 ஆகியவை 020இன் கீழ் எல்லையைவிடச் சற்றுத் தேய்ந்துவிட்டன. அவற்றை 030க்குக் கடைந்து நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கடைபவரிடம் பின்னின் இரு ஓரங்களிலும் உள்ள வளைவைக் கூர்மையான மூலையாக்கிவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், கிராங்க் ஷாஃப்ட் முறிவது அந்த மூலையில்தான். பிறகு ஒரே தயாரிப்பின் 030 ஷெல் தொகுதி ஒன்று போதும்.

மூன்றாம் கொன்றொட்டை அப்படியே பூட்டவே கூடாது. மூடியின் சேரும் முகத்தை மிகச் சிறிதளவு தேய்த்து, முறுக்கிப் பூட்டி, இரண்டாம் கொன்றொட்டின் துளை அளவுக்கு மீண்டும் வட்டமாக்கும் வேலையைக் கொன்றொட் சாணை உள்ள பட்டறையில் செய்யலாம். 0.003 அங்குல வேறுபாடு அதற்கு எட்டிய அளவே. ஆனால் 1, 3 வகையைச் சேர்ந்த, மூடி மாறாத கொன்றொட் ஒன்று கிடைத்தால் அதையே நான் விரும்புவேன். போல்ட்களையும் அவற்றின் பூட்டுத் தகடுகளையும் எப்படியும் புதிதாகப் போடுங்கள். நான்காவதன் கூடுதல் எடையைப் பெரிய முனை மூடியின் அடியில் உள்ள தடித்த பகுதியிலிருந்து குறைக்கலாம். தண்டின் நடுப்பகுதியில் அரத்தை வைக்கவே வேண்டாம்.

இனி நடு மூடி. இந்த எஞ்சினின் மெயின் ஜேர்னல், அதாவது கிராங்கில் மெயின் பெயாரிங்குக்குள் சுழலும் பகுதி, 2 அங்குல விட்டமுடையது. மூன்று மூடிகளும் புளொக்கில் பூட்டப்பட்ட நிலையில் ஒரே நேர்கோட்டில் துளையிடப்பட்டவை. நிற வேறுபாடு எதையும் நிறுவாது, ஆனால் விளிம்பில் உள்ள படி நிறுவும். ஷெல்கள் இல்லாமல் மூன்று மூடிகளையும் கையேட்டின் அளவுக்கு முறுக்கி, ஒவ்வொரு துளையையும் மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் அளந்து பாருங்கள். பிறகு நேரான கோலொன்றை முன் துளையிலிருந்து பின் துளை வரை அடிப்பக்கமாக வைத்து, நடுவில் ஒளி தெரிகிறதா அல்லது கோல் எழும்புகிறதா என்று கவனியுங்கள். கடைந்த கிராங்க் வந்த பிறகு, புதிய ஷெல்களோடு ஒயில் தடவி, மூடிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே கையால் சுழற்றுங்கள். முன்னும் பின்னும் இறுக்கியபோது இலகுவாகச் சுழன்ற கிராங்க் நடு மூடியை இறுக்கியதும் சுழலக் கடினமானால் விடை கிடைத்துவிட்டது.

நடு மூடிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கிராங்கின் முன்பின் அசைவைத் தடுக்கும் அரைவட்டத் தகடுகள் அதன் இரு பக்கமும்தான் அமர்கின்றன. மூடி புளொக்கைவிட முன்னோ பின்னோ தள்ளி நின்றால், கீழ்த் தகடு மட்டும் சுமையைத் தாங்கி விரைவில் தேயும். கிராங்கின் முன்பின் அசைவு 0.002 முதல் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தகடுகளின் பழைய தேய்மானம் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் ஒன்றாக உள்ளதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

கிளட்சுக்குள் இறங்கிய ஒயிலும் இதனோடு தொடர்புடையதாக இருக்கலாம். இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் ஷாஃப்டிலேயே வெட்டப்பட்ட மரை, வெளியேற முயலும் ஒயிலைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. அந்த மரைக்கும் அதைச் சூழ்ந்த உலோகத்துக்கும் உள்ள இடைவெளி மிக நுண்ணியது. கிராங்க் தன் மையத்திலிருந்து சிறிது இறங்கினாலும் ஒரு பக்கம் இடைவெளி கூடி ஒயில் வெளியேறும். ஆகவே மெயின் துளைகளைச் சீர்செய்யாமல் பின்பக்கத்தை எவ்வளவு பசை பூசி அடைத்தாலும் பயன் இராது.

அளவு பிழையாக இருந்தால் மூடிகளின் முகங்களைத் தேய்த்து மூன்றையும் ஒரே நேரத்தில் நேர்துளையிட வேண்டியிருக்கும். அதற்கு ஒப்புக்கொள்பவரிடம், புளொக்கின் பக்கத்தில் இயன்றவரை உலோகத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே எடுத்தால் கிராங்க் மேலே ஏறி, கேம் ஷாஃப்டுக்கு உள்ள தூரம் குறைந்து, டைமிங் செயின் தளர்ந்துவிடும். பின் மரைக்குரிய மையமும் மாறும். நடு மூடியின் அளவுகள் கைக்கு வரும்வரை மெயின் ஷெல்களை வாங்க வேண்டாம். மெயின் ஜேர்னல்கள் மூன்றின் விட்டத்தையும், மூடிகளை முறுக்கிய பிறகு கிடைக்கும் துளை அளவுகளையும் இங்கே எழுதுங்கள். நேர்துளையிடுவது தேவையா என்பதை அவற்றைக் கண்ட பிறகு சொல்கிறேன்.